காந்தத்தை முழுச் சுற்றுச் சுற்றுங்கள்

குடியிருப்பது பிள்ளையார்பட்டி, வேலை காரைக்குடியில். கோயிலுக்கு வரும் வெளியூர் உறவினர் என்ன உத்தியோகம் என்று கேட்டால், "முலாம் பூசுகிறேன்" என்பேன். பொய்யில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உள்ள ஊரில் அது கௌரவமான தொழில்தான்.

நான் பூசுவது கோபால்ட்டும் தாமிரமும், மாற்றி மாற்றி, அடுக்குக்குச் சில நானோமீட்டர். ஒரே தொட்டியில் கோபால்ட் உப்பு நிறைய, தாமிர உப்பு கொஞ்சம். மின்னழுத்தத்தைத் தாழ்த்தினால் தாமிரம் மட்டும் படியும். உயர்த்தினால் கோபால்ட் முந்திக்கொள்ளும். வெற்றிடத்தில் செய்யும் படலத்தின் நேர்த்தி இதில் வராது, செலவு குறைவு.

இந்தப் படலத்தின் ஒரு முனையைச் சூடாக்கினால் முனைகளுக்கிடையே சில மைக்ரோவோல்ட் எழும். சீபெக் 1821இல் கண்ட விளைவுதான். தாமிரத்தின் கனம் சரியாக அமைந்தால், அடுத்தடுத்த கோபால்ட் அடுக்குகளின் காந்தமாக்கம் எதிரெதிராக நிற்கும். காந்தப்புலம் கொடுத்ததும் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். அப்போது ஒருவகைத் தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் அதிகம் சிதறாமல் அடுக்குகளைக் கடக்கின்றன. மின்தடை சரிகிறது, ஃபெர்ட்டுக்கும் கிரூன்பெர்க்குக்கும் 2007இல் நோபல் வாங்கித் தந்த சங்கதி இது. கூடவே சீபெக் மின்னழுத்தமும் வலுக்கிறது.

சிக்கல் அளப்பதில். வெப்பம் படலத்தின் நீளவாக்கில் மட்டும் ஓட வேண்டும், ஓடாது. கொஞ்சம் அடியிலுள்ள கண்ணாடிக்குள் இறங்கும். காந்தமாக்கம் படலத்தில் குறுக்காகக் கிடந்தால், இறங்கும் வெப்பமே நீளவாக்கில் தனியாக ஒரு மின்னழுத்தத்தைக் கிளப்பும். அசாதாரண நெர்ன்ஸ்ட் விளைவு என்பது இதைத்தான். மீட்டர் இரண்டையும் கூட்டித்தான் காட்டும். தலைக்கு மேல் மின்விசிறி ஓடினாலே எண் நகர்ந்துவிடும். சித்திரை வெயிலிலும் விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

ஆகவே வலுவான புலத்தில், படலத்தின் தளத்திலேயே காந்தத்தை 360 டிகிரி சுற்றுகிறேன். நெர்ன்ஸ்ட் பங்கு சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். காந்தத்தைத் தலைகீழாக்கினால் குறி மாறும். காந்தமாக்கம் வெப்ப ஓட்டத்துக்கு இணையா குறுக்கா என்பதால் சீபெக்கில் வரும் மாற்றம் இருமுறை ஏறி இறங்கும். அதற்கு வடக்கும் தெற்கும் ஒன்றே. அடுக்குகள் தமக்குள் எதிரெதிரா, ஒரே பக்கமா என்பதால் வந்த மாற்றமோ, எல்லாம் ஒரே பக்கம் திரும்பியபின் எந்தக் கோணத்துக்கும் அசையாது. மூன்றும் இப்படித்தான் பிரிகின்றன.

ஒரே கோணத்தில் புலத்தை ஏற்றி இறக்கி வரைந்த படத்தோடு மாணவர் வந்தால், முழுச் சுற்றுப் படம் எங்கே என்று கேளுங்கள். அது இல்லாதவரை அந்த எண்ணை ஆய்வுக் கட்டுரையில் சேர்க்க விடாதீர்கள்.