காந்தி வீதியில் ஒரு படம்

ஓய்வு பெற்ற பிறகு மகள் வாங்கித் தந்த கைபேசியில் படம் எடுக்கப் பழகினேன். பழைய கலங்கரை விளக்கம், ஆயி மண்டபம், கடற்கரைக் காந்தி சிலை என்று ஒரு வருடம் எடுத்துத் தள்ளினேன். "படத்துல ஒரு மனுஷங்ககூட இல்லையேப்பா" என்றாள் மகள். சுருக்கென்றது.

1950 ஏப்ரலில் நம் ஊருக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்த ஆன்ரி கார்த்தியே-பிரேசோன் நினைவுக்கு வந்தார். 1952இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயர் 'இமாஜ் அ லா சொவேத்'. ஆங்கிலப் பதிப்புக்குத் 'தீர்மானமான கணம்' என்கிற மாதிரி கம்பீரமாகப் பெயர் வைத்துவிட்டார்கள். பிரெஞ்சில் படித்த நமக்குத் தெரியும், 'அ லா சொவேத்' என்றால் அனுமதியில்லாமல் தெருவில் கடை விரித்து, போலீஸ் தலை தெரிந்தால் சுருட்டிக்கொண்டு ஓடத் தயாராக விற்பது.

அதைப் பார்க்கக் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டைவிட நல்ல இடம் ஏது? சென்ற மாதம் அங்கே ஒரு பெண் தார்ப்பாயில் குழந்தைகள் சட்டை பரப்பியிருந்தாள். நான்கு மூலையிலும் கயிறு. துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்து அவள் மகன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். திடீரென்று மழை. அவள் கயிற்றை இழுத்தாள். சட்டைகளோடு பையனும் மூட்டைக்குள் போனான். தலையும், நோட்டைத் தூக்கிப் பிடித்த கையும் மட்டும் வெளியே. எடுத்துவிட்டேன்.

"எதுக்கு ஐயா போட்டோ? ஆபீஸ்லேருந்து கணக்கெடுக்க வந்திருக்கீங்களா?" என்றாள் பயந்து. முப்பத்திரண்டு வருட எழுத்தர் வேலை முகத்தில் ஒட்டியிருக்கிறது போலும். படத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டாள். "ஒண்ணு கழுவிக் குடுங்க ஐயா, இவங்கப்பாவுக்கு அனுப்பணும்" என்றாள். அவர் எங்கே என்று கேட்பதற்குள் மழை வலுத்துவிட்டது.

அலுவலகத்தில் எத்தனை ஆயிரம் மனுக்களைப் பார்த்திருப்பேன்! படம் ஒட்டியிருக்கிறதா, சான்றொப்பம் பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழுந்திருக்கிறதா என்பதுதான் என் கவலை. அந்த முகங்களில் ஒன்றுகூட இன்று ஞாபகமில்லை. ஒரு விதவையின் மனுவை, படம் மங்கல் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியது மட்டும் நினைவிருக்கிறது. மூன்றாம் முறை அந்த அம்மாள் வரவில்லை.

மறு ஞாயிறு பிரதியோடு போனேன். அவள் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பெயர் தெரியாததால் பக்கத்துக் கடைக்காரரிடம், "தார்ப்பாய்ல சின்னப் பிள்ளைங்க சட்டை விக்கிற அம்மா" என்று விசாரித்தேன். "இங்க பத்துப் பேரு அப்படித்தான் ஐயா" என்றார்.

படம் சட்டைப்பையில் இருக்கிறது. பழக்கதோஷம், பின்னால் தேதி போட்டு வைத்திருக்கிறேன். நாளையும் ஞாயிறு.