எம்மிக்குப் பின்னால் இருந்தவர்

ஃபாஸ்பிண்டரின் ‘அலி: அச்சம் ஆன்மாவைத் தின்னும்’ (1974) படத்தை நாலைந்து தடவை பார்த்திருப்பேன். எல்லாத் தடவையும் ஒரே இடத்தில் மனசு நின்றுவிடுகிறது. மியூனிக்கில் துப்புரவு வேலை செய்யும் விதவை எம்மி, தன்னைவிட ரொம்ப இளையவனான மொராக்கோ தொழிலாளி அலியிடம் பேச்சுவாக்கில் சொல்கிறாள்: அப்பா ஹிட்லர் கட்சியில் இருந்தார், நானும் இருந்தேன், அப்போ கிட்டத்தட்ட எல்லாருமே இருந்தோம் என்று. குரலில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. கல்யாணம் முடிந்ததும் ஹிட்லர் சாப்பிட்ட உணவகத்துக்கே அலியைக் கூட்டிப்போகிறாள். ரொம்ப நாள் ஆசையாம்!

எம்மியாக நடித்த பிரிகிட்டே மிராவின் அப்பா ரஷ்ய யூதர், பியானோ கலைஞர்.

மிரா 1910-இல் ஹாம்பர்கில் பிறந்தவர். நாஜி ஆட்சியில் அப்பாவின் பூர்வீகத்தை மறைத்துக்கொண்டே மேடையில் ஆடினார், பாடினார். போர்க்காலத்தில் ‘லீஸேயும் மீஸேயும்’ என்ற அரசுப் பிரச்சாரக் குறும்படங்களிலும் நடித்தார். லீஸே சொன்னபடி கேட்கும் நல்ல பெண். மீஸே எதிரி நாட்டு வானொலி கேட்கிறவள், எப்போதும் புலம்புகிறவள். மிராவுக்கு மீஸே வேடம். ஜனங்களுக்கு மீஸேயைத்தான் பிடித்துப்போனது, அதனால் தொடரையே நிறுத்திவிட்டார்கள் என்று சொல்வார்கள்.

போருக்குப் பிறகு பல வருஷம் ஆபரெட்டா, காபரே, சிரிப்பு வேடங்கள். ஃபாஸ்பிண்டர் எம்மி வேடத்தைக் கொடுத்தபோது வயசு 63. சுமார் இரண்டே வாரத்தில் எடுத்த படம். ஜெர்மன் திரைப்பட விருது கிடைத்தது. அடுத்த வருஷமே ‘கூஸ்டர்ஸ் அம்மாவின் சொர்க்கப் பயணம்’. 1977-இல் தொலைக்காட்சிக்குப் போய், ‘கிரில் கடையின் மூன்று பெண்கள்’ தொடரில் பெர்லினில் சாசேஜ் கடை நடத்தும் பாட்டியானார். 1990களின் தொடக்கம் வரை அந்தத் தொடர் ஓடியது.

ஃபாஸ்பிண்டர் ரசிகர்கள் சிலருக்கு இது இறக்கமாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கனமான விஷயத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற வித்தை எம்மிக்கும் வேண்டும், சாசேஜ் கடைப் பாட்டிக்கும் வேண்டும். மிரா அதை மேடையில் மட்டும் கற்றிருக்க மாட்டார். தன் அப்பா யார் என்பதை முகத்தில் காட்டாமல் பன்னிரண்டு வருஷம் சிரித்த முகம் அது.

உயிரைக் காத்துக்கொள்ள, தன்னைக் கொல்லக்கூடிய அரசுக்கே நடித்துக் கொடுத்தவரை என்னவென்று சொல்வது? வீராங்கனை என்று சொல்ல வாய் வரவில்லை. துரோகி என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? கட்சியில் இருந்ததைச் சாதாரணமாகச் சொல்லும் எம்மியை அவர் துளிகூடக் கேலி செய்யவில்லை, வெறுக்கவும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நடுவே ஒளிந்து வாழ்ந்தவர். அவர்களிடம் பிரியமும் இருந்தது, பயமும் இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

2005-இல், 94 வயதில், பெர்லினில் இறந்தார்.