கோமாளி கொடுத்த அரைப் பேர்

1874இல் இருப்புப்பாதை எட்டிய நாவலப்பிட்டியில் இறங்கி, அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றுக்கு ஏறினோம். லயத்து முற்றத்தில் பொன்னர் சங்கர் கூத்து. கொங்கு நாட்டு வீரர்களின் இக்கதை, அன்று தோட்டவேலைக்கு வந்தோருடன் கடல் கடந்தது.

தப்பு முழங்க வாளேந்தி ஆடிய சங்கரைக் கோமாளி மறித்தான். கணக்கப்பிள்ளையின் குரலில், "கொழுந்து நிறை போதாது, இன்று உனக்கு அரைப் பேர்தான்!" என்று பாடினான். முற்றமே குலுங்கிச் சிரித்தது. அரைநாட் சம்பளத்தோடு வீடு திரும்பியவர்களின் சிரிப்பு அது.

எம்மருகே விழுந்து விழுந்து சிரித்த மூதாட்டியார், விடியலில் தங்காள் தமையன்மாரை நினைந்து அழுதபோது விம்மினார். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா அனுப்பப்பட்டவர்களுள் அவர் தமையனாரும் ஒருவராம்.

பழங்கதை அன்றிரவு அவர்களின் சொந்தக் கதையாயிற்று.