கீழே போகிற ஊர்

மலேசியாவின் தாப்பாவில் பஸ் ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏறக்குறைய 60 கி.மீ. வளைந்து வளைந்து ஏறி, தானா ராத்தாவில் இறங்கியதும் பையில் கம்பளிச் சட்டையைத் தேடினேன். மலாயில் ‘தானா’ நிலம்; ‘ராத்தா’ சமம். சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் ஒரு கடைவீதி அளவுக்குச் சமதளம். சுற்றிலும் சரிவுதான்.

1885இல் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு சொன்னவர் நில அளவையாளர் வில்லியம் கேமரன். 1925இல் பிரிட்டிஷ் நிர்வாகி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் வெள்ளைக்காரர்கள் இளைப்பாற மலைவாசத்தலம் அமைக்கும் வேலை சூடுபிடித்தது. இடம் பகாங் மாநிலத்துடையது. ஆனால் ரயிலும் ஈயச் சுரங்கங்களும் மலைக்கு மேற்கே பேராக்கில் இருந்தன. அதனால் பாதை தாப்பாவிலிருந்தே ஏறியது. பல பத்தாண்டுகள், சொந்த மாநிலத்தின் மற்ற ஊர்களுக்குப் போகக்கூட இவ்வூரார் பேராக்கில் இறங்கித்தான் சுற்ற வேண்டியிருந்தது.

தண்ணீரும் அப்படியே. பெர்த்தாம், தெலோம் ஆறுகள் கிழக்கே ஓடி தென்சீனக் கடலைச் சேர வேண்டியவை. 1960களில் ரிங்லெட்டில் அணை கட்டி, மலையைக் குடைந்து, மின்சாரத்துக்காக அந்த நீரைப் பேராக் பக்கம் திருப்பிவிட்டார்கள். இப்போது அது மலாக்கா நீரிணையில் கலக்கிறது.

அதே மேற்குப் பாதையில் ஏறி வந்தவர்கள்தாம் தமிழர்கள். 1929இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டத்தில் காடழித்து, கன்று நட்டு, கொழுந்தெடுத்தார்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் வரவைத் தடுத்த பிறகு, வந்தவர்களின் பிள்ளைகளே கூடையைத் தூக்கினார்கள்.

பஸ் நிலையத்தருகே தே தாரிக் என்ற பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைப் பாட்டி கேட்டார்: “பசியாறியாச்சா தம்பி?”

“ஆச்சு பாட்டி. நீங்க தோட்டத்துலயா?”

“இருந்தேன். கையால கிள்ளின காலம். இப்ப மெஷினு, வங்காளதேசத்துப் பையனுங்க.”

“பிள்ளைங்க?”

“மூணு பேரும் கீழ. ஈப்போ, கோலாலம்பூர்.”

‘கீழ’ என்றபோது அவர் கை தாப்பா பக்கம் நீண்டது. கிழக்கே திரும்பவே இல்லை.

“நீங்க போகலையா?”

“கால் முட்டி தேஞ்சது சரிவுல நின்னே. இப்பத்தான் சமதரையில வீடு கெடச்சிருக்கு. இனி எதுக்கு எறங்கணும்?”

என் பஸ் வந்தது. தாப்பா போகிற பஸ்தான்.