ஒரே சிப், வேற வேற டப்பா: நான் எழுதின தப்பான பிரிஸ்கிரிப்ஷன்

இன்னிக்கு மருத்துவம் இல்லை. கிராபிக்ஸ் கார்டு பத்தி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. வீட்டில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை கேமிங் பிசி கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு உதவும்.

2024-ல் என் பையன் ஒரு லிஸ்ட்டோடு வந்தான். மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது, கார்டு மட்டும் பாக்கி. ஆர்டிஎக்ஸ் 4060 என்பது உறுதி. ஆனால் அதே 4060-ஐ ஏசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஜோட்டாக், இன்னோ3டி என்று ஆளாளுக்கு விற்கிறார்கள். ஒரே கம்பெனியிலேயே இரண்டு மூன்று விதம். விலையில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம். "எதுப்பா வாங்கறது?" என்றான்.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஓபியில் தினமும் கேட்கிற கேள்விதானே. "டாக்டர், நீங்க எழுதின கம்பெனி மாத்திரை இல்லையாம், வேற கம்பெனி கொடுத்தாங்க, சாப்பிடலாமா?" உள்ளே இருக்கிற மருந்து ஒண்ணுதான், அளவும் அதேதான், தாராளமா சாப்பிடுங்க என்பேன். அதையே பையனிடமும் சொன்னேன். சிப் ஒண்ணுதானே, இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கு. அவன் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் எனக்கு போன் வந்துவிட்டது.

நான் சொன்னது பாதி சரி. சிப்பை வடிவமைப்பது என்விடியா, தயாரித்துக் கொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி. 4060-ஐ என்விடியா தன் சொந்தக் கார்டாக விடவே இல்லை, மற்ற கம்பெனிகள்தான் போர்டில் பொருத்தி விற்கின்றன. எந்த டப்பாவை வாங்கினாலும் அதே சிப், அதே 8 ஜிபி மெமரி. சிலதில் 'ஓசி' என்று போட்டு வேகத்தைக் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள். 60 ஃபிரேம் ஓடுகிற கேம் 61, 62 ஓடும். கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. அந்த இரண்டு எழுத்துக்காக மட்டும் காசு கொடுக்காதீங்க.

மாறுவது ஹீட்சிங்க், ஃபேன், சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகங்கள், அப்புறம் வாரண்டி. அதை நான் கேட்கவே இல்லை.

மூணு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி, எமர்ஜென்சி முடிந்து இரண்டு மணிக்கு வீடு திரும்பினேன். பையன் ரூமில் நெபுலைசர் ஓடுகிற மாதிரி சத்தம். பதறிப்போய்க் கதவைத் திறந்தால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருக்கிறான். சத்தம் கார்டிலிருந்து.

"எப்பலேர்ந்துடா இப்படி?"

"முதல் நாள்லேர்ந்துப்பா."

"ஏன் சொல்லல?"

"நீங்க பார்த்து வாங்கிக் கொடுத்தது. அதான்."

ஏன் எந்நேரமும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறான் என்று அவன் அம்மாவும் நானும் என்னென்னவோ சந்தேகப்பட்டிருந்தோம். நாங்கள் தூங்கணும் என்றுதான் சாத்தியிருக்கிறான். (டாக்டர் கோச்சுக்குவார் என்று பக்கவிளைவைச் சொல்லாத பேஷண்ட்டுகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அன்னிக்குத் தூக்கம் வரல.)

விஷயம் இதுதான். 4060 முழுவேகத்தில் ஓடும்போது 115 வாட் வரை எடுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கிற மனித உடல் வெளியிடும் வெப்பமே ஏறக்குறைய 100 வாட். அந்தக் கேபினெட்டுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. ஹீட்சிங்க் சின்னதாக இருந்தால் ஃபேன் வேகமாகச் சுற்றித்தான் சமாளிக்கணும். அதுதான் சத்தம். பெரிய ஹீட்சிங்க், பெரிய ஃபேன் என்றால் மெதுவாகச் சுற்றினாலே போதும். மாத்திரை விழுங்கினால் வேலை முடிந்தது. இது வருஷக்கணக்கில் வீட்டுக்குள் மூச்சு விடப்போகிறது.

அதுக்காக மூணு ஃபேன் ராட்சதனையும் வாங்கவேண்டாம். 450 வாட் இழுக்கும் 4090-க்கு செங்கல் மாதிரி கூலர் தேவை. 4060-க்கு அது பகட்டு என்பது என் கருத்து. நல்ல ஹீட்சிங்க்கோடு இரண்டு ஃபேன் போதும். விலை உயர்ந்த 4060 வாங்கப்போய், 4060 டிஐ விலை கூப்பிடு தூரத்தில் இருந்தால் பேசாமல் டிஐ-க்குப் போயிடுங்க. அங்கே சிப்பே வேற. வாங்குமுன் கேபினெட்டை டேப் வைத்து அளந்துடுங்க.

பேரை மட்டும் நம்பவும் வேண்டாம். அமெரிக்காவில் ரொம்ப மதிப்போடு இருந்த இவிஜிஏ, 2022 செப்டம்பரில் இனி கிராபிக்ஸ் கார்டே செய்யப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. உங்க ஊரில் யார் சர்வீஸ் தருகிறார்கள் என்பதைக் கேளுங்க.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ஆறாவது மாசம் எங்கள் கார்டில் ஒரு ஃபேன் தடதடக்க ஆரம்பித்தது. வாரண்டி இருக்கே என்று தெம்பாகப் போனேன். பில்லில் மாடல் பேர் மட்டும் இருக்கு, சீரியல் நம்பர் இல்லை, எடுக்க முடியாது என்றார்கள். விற்ற கடைக்காரர் "பார்க்கலாம் சார்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு தம்பி கைக்காசுக்கு ஃபேனை மாற்றிக் கொடுத்தார். அந்தக் கார்டு இப்போ என் தங்கை பையனிடம். சத்தம் போடும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அடுத்த கார்டைப் பையனே தேர்ந்தெடுத்தான். நடுவாந்தர விலை, இரண்டு ஃபேன். அவன் கடைக்காரரிடம் பேசி முடிக்கும்வரை நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் பில்லில் சீரியல் நம்பர் இருக்கா என்று மட்டும் பார்த்தேன். அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான்.