முழங்கைக்கு ஒரு மெத்தை

மோட்டார் வண்டி செய்கிறவர்கள் மனித உடம்பைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள். முதுகுக்குச் சாய்மானம் வைத்தார்கள். தலைக்குத் திண்டு வைத்தார்கள். தண்ணீர் பாட்டிலுக்குக்கூட ஒரு பொந்து வைத்தார்கள். முழங்கையை மட்டும் மறந்துவிட்டார்கள். கதவின் உட்புறத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு வரப்பைக் கட்டி, அதற்கு 'ஆர்ம் ரெஸ்ட்' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். கடைத்தெருவுக்குப் போய் வருகிறவனுக்கு அது போதும். சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போகிறவனுக்கு அந்த வரப்பு ஒரு தண்டனை.

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரில் இந்தச் சங்கடம் எனக்குத் தெரிந்ததில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு போவோம். கை வெயிலில் கறுத்தது, அவ்வளவுதான். இப்போதோ ஏ.ஸி.க்காகக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம். கைக்கு அந்த வரப்பைத் தவிர வேறு கதி இல்லை.

சென்ற ஐப்பசியில் பூப்பாறை நண்பர் ஒருவரைப் பார்க்கப் புறப்பட்டேன். வத்தலக்குண்டு தாண்டும்போதே வலது கையின் சுண்டுவிரல் மரத்தது. தேனியில் மோதிர விரலும் சேர்ந்துகொண்டது. போடியில் விடுதிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்தாக இல்லை. இரண்டாம் வகுப்புப் பையன் கிறுக்கியது போல் இருந்தது.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கணம் எப்படி இருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பக்கவாதமோ என்று பயந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. நேரே ஒரு டாக்டரிடம் போனேன்.

அவர் கையைப் பிடித்துப் பார்த்தார், விரல்களை விரிக்கச் சொன்னார், சேர்க்கச் சொன்னார். பிறகு முழங்கையின் உள்பக்கத்துப் பள்ளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். சுண்டுவிரல் வரைக்கும் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது.

"கதவிலே கையை ஊன்றிக்கொண்டு ஓட்டுகிறீர்களா?" என்றார்.

மேஜை மூலையில் இடித்துக்கொண்டால் ஷாக் அடிப்பது போல் இருக்குமே, அந்த இடம்தான் அது. அல்நார் என்ற நரம்பு அங்கே எலும்பின் மேலே, தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி அதன் வழியாகத்தான் போகிறது. கையை மடக்கினால் அது இழுபடும். மடக்கிய கையைக் கெட்டியான விளிம்பில் ஊன்றினால் நசுங்கும். "மரத்துப்போவது நிற்காவிட்டாலோ, பிடியில் பலம் குறைந்தாலோ நரம்பு வைத்தியரிடம் உடனே போய்விடுங்கள். இப்போதைக்கு ஊன்றுவதை நிறுத்துங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

சென்னையில் ரெக்ஸின் போட்ட பஞ்சணை ஒன்று வாங்கியிருந்தேன். உள்ளே ஸ்பாஞ்சு. ஒரு மாதத்தில் அப்பளமாகி, வியர்வையில் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போடிக் கடைத்தெருவில் ஒரு மெத்தைக் கடைக்குப் போனேன்.

போடி என்றால் ஏலக்காய் என்பார்கள். இங்கே நடக்கும் ஏல விற்பனை அப்படி. ஆனால் மலையடிவாரத்தில் இலவ மரமும் உண்டு. போடியின் இலவம்பஞ்சு மெத்தைக்கு நாடெங்கும் பெயர். பழத்துக்காகக் காத்திருந்த கிளி பஞ்சைக் கண்டு ஏமாந்ததாகப் பழமொழி சொல்கிறது. போடிக்காரர்கள் அந்தப் பஞ்சுக்காகவே காத்திருக்கிறார்கள். இந்தப் பஞ்சை எளிதில் நூற்க முடியாது. இழை குட்டை, வழுக்கும். ஆனால் ஒவ்வொரு இழையும் உள்ளே காற்றடைத்த குழாய். மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாது. அதனால் உலக யுத்தங்களில் கப்பற்படைக்காரர்களின் மிதவைச் சட்டைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். 1942-ல் ஜாவா ஜப்பானியர் வசமானதும் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வருவது நின்றது. அங்கே பள்ளிப் பிள்ளைகளை அனுப்பி, நம் எருக்கின் உறவுக்காரச் செடி ஒன்றின் காய்களைப் பறித்துச் சமாளித்தார்கள். கடலில் ஆளைத் தாங்கிய பஞ்சு என் முழங்கையைத் தாங்காதா?

கடைக்காரப் பெரியவர் என் ஸ்பாஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டிக்கு வந்தார். "ஓட்டுற மாதிரி ஒக்காந்து ஸ்டீரிங்கப் பிடிங்க" என்றார். பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா உயரமாகவே வைத்துவிடுங்கள், பெரியவரே" என்றேன்.

"பஞ்சு கூடிப்போச்சுன்னா தோள் தூக்கும் சார். தோள் தூக்கினா கழுத்து வலிக்கும். அப்புறம் கழுத்துக்கு ஒரு தலகாணி கேட்டு வருவீங்க."

இரண்டு தோளும் தளர்ந்து தொங்கும்போது முழங்கை எங்கே நிற்கிறதோ, அதுதான் உயரம் என்றார். இடக்கைக்கு நடுவே இருக்கும் பெட்டியோடு அளந்து பார்த்துக்கொண்டார். காடாத் துணியில் உறை தைத்து, பஞ்சைக் கெட்டியாக அடைத்து, நகராதபடி இடையிடையே தையல் போட்டார். கதவுப் பிடியையும் கண்ணாடிப் பொத்தான்களையும் மறைக்காமல் நாடா வைத்தார். முன்னங்கையின் சதை படியும் இடத்தில்தான் திண்டு. முழங்கை நுனி வரும் இடத்தில் வெறும் பள்ளம்.

"இங்கே பஞ்சு வைக்கவில்லையே?"

"அந்த எடத்துக்குப் பஞ்சு வேணாம், காத்துதான் வேணும். பஞ்சு அமுங்கினா வெயில்ல போட்டுத் தட்டுங்க, பொங்கி வந்துரும்." புறப்படும்போது மறுபடி கூப்பிட்டார். "மலையிலே இதுல கை வைக்காதீங்க. இது தரைக்குத்தான்."

மறுநாள் விடியற்காலை முந்தலைத் தாண்டி ஏறும்போது அது புரிந்தது. 17 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு கையும் ஸ்டீரிங்கை விட்டு நகரவில்லை. எனக்கு முன்னால் ஜீப்புகள் வரிசையாக ஏறின. ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் போய் வரும் பெண்கள். ஒரு கை மேலே கம்பியில். மறு கை மடியில் தூக்குச் சட்டியை அணைத்தபடி.

போடிமெட்டில் டீக் கடை வாசலில் ஒரு ஜீப் நின்றது. நான் திண்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தேன்.

"என்ன சார் அது, கைப்பிள்ளைத் தலகாணியா?" என்று ஓர் அம்மாள் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். முழங்கைக்கு என்றேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு படரும் சரத்தில் காய்ப்பது. பகலெல்லாம் குனிந்து அதைப் பறிக்கிறவர்களிடம் என் முழங்கையைப் பற்றி என்ன சொல்வது?

"எங்களுக்கு அதெல்லாம் எதுக்கு? சாயங்காலம் எறங்கும்போது பக்கத்துல இருக்கிறவ தோள்தான்" என்றாள் அவள். "முனியம்மா தோள் எலும்பு. அவ பக்கத்துல மட்டும் ஒக்கார மாட்டேன்." முனியம்மா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஜீப் கிளம்பிவிட்டது.

மூன்று வாரத்தில் என் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பிற்று. இந்தக் கட்டுரையைக் கையால்தான் எழுதினேன். திண்டு இன்னும் கதவில் இருக்கிறது. மாதம் ஒரு முறை மொட்டைமாடியில் காய்கிறது. அதைத் தட்டும்போதெல்லாம் அந்த ஜீப்பின் நினைவு வருகிறது. பெரியவர் சொன்னபடி, அது தரைக்கு மட்டும்தான்.