ஆயிரம் எண் கல்

28 ஜனவரி 2025, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை, முடிதிருத்தும் கடைக்கு விடுமுறை. நாளை சீனப் பெருநாள். பாசார் போரோங் மொத்தச் சந்தைப் பக்கம் காலையிலேயே லாரிகள் குறைந்துவிட்டன. செலாயாங் இவ்வளவு அமைதியாக இருப்பது வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான்.

அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கப் போய் அப்பாவின் தகரப்பெட்டியை இறக்கினேன். பழைய துண்டில் சுற்றிய சவரக்கத்தி, காய்ந்து விறைத்த தோல் வார், உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புத் தீட்டுக்கல். கத்தியின் கழுத்தில் ஸோலிங்கன் முத்திரை இன்னும் தெரிகிறது. கத்திக்கென்றே பேர்போன ஜெர்மன் ஊர். அந்தப் பெயரை மற்ற ஊர்க்காரர்கள் கத்தியில் பொறிக்கக் கூடாது என்று 1938-இல் சட்டமே வந்தது. அந்த ஊர்க் கத்தி ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் வரைக்கும் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்குப் பின்னால் மரத்தடியில் எத்தனை முகங்களை மழித்திருக்கும்!

தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு வாரம். பேரனுக்குப் பத்துமலையில் முதல் மொட்டை. இந்தக் கத்தியால் அந்த முடியை இறக்கினால் என்ன என்று தோன்றியது. தோன்றியதிலிருந்து வேறு நினைப்பு இல்லை.

29 ஜனவரி, புதன்

கறுப்புக் கல்லில் தண்ணீர் தெளித்து ஒரு மணி நேரம் தீட்டினேன். வாய் பளபளவென்று வந்தது. முழங்கை முடியில் வைத்துப் பார்த்தேன்; ஒன்றுகூட அறவில்லை, சறுக்கிக்கொண்டு போகிறது. மறுபடி ஒரு மணி நேரம். பளபளப்பு கூடியது, பதம் வரவில்லை.

முப்பத்தைந்து வருடமாகக் கத்தி பிடிக்கிறேன். ஆனால் பிடித்ததெல்லாம் பிளேடு மாட்டும் கத்தி. ஒரு பிளேடை இரண்டாக ஒடித்து, ஆளுக்கு ஒரு பாதி. எய்ட்ஸ் பயம் பரவிய தொண்ணூறுகளில் எங்கள் கடை அதற்கு மாறியது. மாறியது சரிதான், இன்று வரை அதில் எனக்கு மறு எண்ணம் இல்லை. ஆனால் தீட்டும் கை அப்பாவோடு நின்றுபோனது.

30 ஜனவரி, வியாழன்

நகைக்கடை நண்பரிடம் கண்ணில் பொருத்தும் பூதக்கண்ணாடி இரவல் வாங்கினேன். வெறுங்கண்ணுக்கு நேர்க்கோடாகத் தெரிந்த வாய், கண்ணாடியில் எலி கடித்த ஓலை மாதிரி இருந்தது. நடுவில் மூன்று இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. நுனிப்பக்கம் துருவின் குழிகள். இதற்கு மேலேதான் இரண்டு மணி நேரம் மெருகு ஏற்றியிருக்கிறேன்.

பாசாரில் மீன்கத்திக்குச் சாணை பிடிப்பவரிடம் கொடுங்கள், ஐந்து நிமிடம் என்றார் தேநீர்க் கடையில் ஒருவர். நல்ல மனதோடு சொன்னார். ஆனால் சாணை பிடிப்பது வேறு, தீட்டுவது வேறு. சாணைச் சக்கரம் சுற்றும்போது இரும்பு சூடேறும். சவரக்கத்தியின் வாய் காகிதத்தைவிட மெல்லியது. நீலம் பாய்கிற அளவு சூடு ஏறிவிட்டால் எஃகின் கடினம் போய்விடும், பிறகு எந்தக் கல்லாலும் அதை மீட்க முடியாது. தமிழில் இரண்டு செயலுக்கும் இரண்டு சொல் இருப்பது சும்மா இல்லை.

1 பிப்ரவரி, சனி

காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை கூட்டம். எழுதத் தெம்பில்லை. இதை மட்டும் எழுதி வைக்கிறேன்: மதியம் கடையில் வேலை செய்யும் தம்பியிடம் கத்தியைக் காட்டினேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், வயது இருபத்தாறு. கையில் வாங்கியவுடன் முதுகைத் தடவிப் பார்த்தான், வாயை அல்ல. “தாத்தா கிட்ட இருந்துச்சுண்ணே. எங்களத் தொட விடமாட்டாரு” என்றான்.

இவன் வந்து சேரவே எத்தனை வருடம் ஆனது. 2009-இல் எங்கள் தொழிலுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். 2023-இல்தான் பிரதமர் அன்வார், முடிதிருத்தும் கடை, ஜவுளிக்கடை, நகைத்தொழில் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி என்று அறிவித்தார். இடையில் எத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன! என் கடையிலேயே நான்கில் இரண்டு. உள்ளூர்ப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான். இந்தக் கத்தியைப் பிடித்தவனை ஊர் எப்படிக் கூப்பிட்டது என்று அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களுக்குத் தெரியும். கத்தி பிடித்தவர்கள் புண்ணுக்குக் கட்டுப்போட்டதும், அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்ததும், அதனால் மருத்துவர் என்ற பெயரே வந்ததும் பலருக்கு மறந்துவிட்டது. அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

3 பிப்ரவரி, திங்கள்

ஜாலான் ஈப்போவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கல் கிடைத்தது. ஜப்பான் கிங் கல், ஒரு பக்கம் ஆயிரம், மறுபக்கம் ஆறாயிரம். எண் கூடக்கூடக் கல்லின் மணி சிறிதாகும். ஆயிரத்தின் மணியே தலைமுடிக் கனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

4 பிப்ரவரி, செவ்வாய்

இன்று முழுக்கக் கல்லோடு இருந்தேன். தம்பியும் வந்தான், விடுமுறை நாளில் யாரும் கூப்பிடாமலே.

கல்லைக் கால்மணி நேரம் வாளியில் ஊறவைத்தோம். ஆயிரம் பக்கம் செங்கல் நிறம். தண்ணீர் குடிக்கும்போது குமிழி விடும். குமிழி நின்றால் போதும். கத்தியைப் படுக்க வைக்கிறபோது முதுகும் வாயும் இரண்டும் கல்லைத் தொட வேண்டும். சமையல் கத்திக்குச் சாய்மானத்தைக் கை ஊகிக்க வேண்டும். சவரக்கத்திக்கு அந்தக் கவலை இல்லை. முதுகின் கனமே சாய்மானத்தைத் தீர்மானித்துவிடுகிறது. வாய் தேயத்தேய முதுகும் கூடவே தேயும், அதனால் சாய்மானம் மாறாது. இதை யோசித்துச் செய்த மனிதர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

வாய் முன்னால் போக வேண்டும், கல்லின் மேல் மெல்லிய தோலைச் சீவி எடுப்பதுபோல. கல்லின் அகலத்தைவிடக் கத்தி நீளம், அதனால் அடியிலிருந்து நுனிக்குக் குறுக்காக இழுத்துக்கொண்டே தள்ள வேண்டும். திருப்பும்போது முதுகின் மேல் திருப்ப வேண்டும். முதல் நூறு இழுப்பில் நான் அழுத்தியிருக்கிறேன். “அண்ணே, கை கனமா இருக்கு” என்றான் தம்பி. சரியாகச் சொன்னான். அழுத்தினால் மெல்லிய வாய் வளைந்து கல்லைவிட்டு எழும்பிவிடுகிறது.

வாயின் இரண்டு சரிவிலும் மார்க்கர் மை பூசித் தீட்டினோம். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. பக்கவாட்டில் அழிந்தது, விளிம்பில் மட்டும் நூலிழை அளவு மை நின்றுகொண்டே இருந்தது. அதாவது இரண்டு சரிவுகளும் இன்னும் சந்திக்கவில்லை. அந்த நூலிழைதான் புதன்கிழமை என்னை ஏமாற்றியது. சந்திக்காத இரண்டு சரிவுகளைப் பன்னிரண்டாயிரம் எண் கல்லில் தேய்த்தாலும் அழகான மொண்ணைதான் கிடைக்கும். கூர் என்பது கடைசிக் கல்லில் வருகிறது என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். இல்லை. கூர் ஆயிரத்தில் பிறக்கிறது. மற்றக் கற்கள் அதை மிருதுவாக்குகின்றன, அவ்வளவே.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சில்லு பெயர்ந்த இடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நாலரை மணிக்குப் பூதக்கண்ணாடியில் மை இல்லை. முழங்கையில் வைத்தேன். முடி தோலை ஒட்டி அறுந்து, கத்தியின் மேல் படுத்துக்கொண்டது. தம்பி சிரித்தான். அவன் தன் கையை நீட்டினான்.

5 பிப்ரவரி, புதன்

கடை முடிந்து ஆறாயிரம் பக்கம். இதற்கு ஊறவைக்கத் தேவையில்லை, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். கல் சேறு கட்டும்போது சத்தம் மாறுகிறது, மண் வாசம்கூட வருகிறது. நேற்றுபோல எழுத ஒன்றுமில்லை. அடித்தளம் சரியாக இருந்ததால் வேலை ஓடியது.

இனி அப்பாவின் கறுப்புக் கல். மரஸ்கேலை நெடுக வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. பள்ளம். வருடக்கணக்கில் அப்பாவின் கை இழுத்த பள்ளம். பள்ளமான கல்லில் கத்தி சமமாகப் படியாது. ஆனால் அந்தப் பள்ளத்தை அழிக்க மனம் வரவில்லை. அப்படியே சுற்றி வைத்துவிட்டேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

விடியற்காலையில் தோட்டத்து வீட்டு வாசற்படி ஞாபகம் வந்தது. சிமெண்டுப் படி. அதன் ஓரத்தில் தேய்ந்த ஒரு தடம். அம்மா அதில் எப்போதும் மணல் கிடக்கிறது என்று சத்தம் போடுவார். அந்த மணல் எதற்கு என்று இன்றுதான் விளங்கியது. அப்பா மாதத்துக்கு ஒருமுறை மணலும் தண்ணீரும் போட்டு இந்தக் கல்லை அந்தப் படியில் தேய்த்துச் சமன் செய்வார்! வயதான காலத்தில், செலாயாங் பாருவுக்கு வந்த பிறகு, முடியாமல் விட்டிருக்கிறார். பள்ளம் அவருடைய கை அல்ல. அவரால் செய்ய முடியாமல் போன வேலை.

கண்ணாடிப் பலகையின் மேல் தண்ணீரில் தேய்க்கும் உப்புத்தாள் ஒட்டி, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டுத் தேய்த்தேன். ஓரத்துக் கோடுகள் முதலில் போயின, நடுக்கோடு கடைசியில். கறுப்புத் தண்ணீர் ஓடியது. ஒன்றரை மணி நேரம்.

பிறகு அதில் ஐம்பது இழுப்பு, கத்தியின் சொந்தக் கனத்தைத் தவிர வேறு கனம் இல்லாமல். பிறகு வார். இதில் முதுகு முன்னால், வாய் பின்னால். கல்லுக்கு நேர் எதிர். வாய் முன்னால் போனால் தோலும் கிழியும், வாயும் போகும். கித்தான் பக்கம் முப்பது, தோல் பக்கம் அறுபது. தோல் இறுக்கமாக இருந்தால் வரும் அந்த “சப்… சப்…” சத்தத்தை மனைவி அடுப்படியிலிருந்து கேட்டு, “மாமா வந்துட்டார் போல இருக்கு” என்றாள். கையை நிறுத்திவிட்டேன், சற்று நேரம்.

சுடுதண்ணீர் ஒத்தடம், நுரை, முகம். எரிச்சல் இல்லை. கீழ்த்தாடையில் ஒரு சின்னக் கீறல். அது என் அவசரம்.

9 பிப்ரவரி, ஞாயிறு

மகள் வந்தாள். கத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்பா, புள்ளைக்குப் புது பிளேடு போதும்பா. தாத்தா கத்தி நமக்கு இருக்கட்டும்.” வாதாட வாய் திறந்தேன். பிறகு, பச்சை மண்டை, ஓரிடத்தில் நில்லாத குழந்தை, ஏழு வாரம்கூட அல்ல ஏழு நாள் பழகிய கை என்று எண்ணிப் பார்த்தேன். அவள் சொல்வதுதான் சரி. அந்தக் கத்திக்கு ஒரு தலை வேண்டும் என்றால் என் தலை இருக்கிறது.

11 பிப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

செவ்வாயில் கத்தி எடுக்கக் கூடாது என்பார் அப்பா. முருகனுக்கு நேர்ந்த மொட்டைக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை.

அதிகாலை இரண்டு மணிக்கு, வீட்டுப் பின்கட்டில், தம்பி எனக்கு மொட்டையடித்தான். தண்ணீரை நன்றாகத் தேய்த்து ஊறவிட்டு, உச்சியிலிருந்து முன்நெற்றிக்கு. தோலை இடது கைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடிக்கும் விதத்தில் அவன் தாத்தா தெரிந்தார். பிளேடு கீச்சிடும், இந்தக் கத்தி பாடியது. முழு மண்டைக்கும் இடையில் ஒருமுறை வாரில் போட்டான், அவ்வளவே. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பத்துமலைக்கு நடந்தே போனோம், பிள்ளை மருமகன் தோளில். 1890-களிலிருந்து மக்கள் இந்த விழாவுக்காக இந்தக் குகைக்கு வருகிறார்கள். ஆற்றங்கரையில் மொட்டையடிப்பவர்கள் முன் வரிசை. பேரனுக்குப் புது பிளேடைக் காகிதத்திலிருந்து என் கண்முன் பிரித்து மாட்டினார்கள். அழுதான், சந்தனம் பூசியதும் நிறுத்தினான். 272 படியும் நான் தூக்கினேன். இரண்டு மொட்டைத் தலையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டே மேலே போயின.

12 பிப்ரவரி, புதன்

கத்தியைத் துடைத்து உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைத்தேன். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு எண்ணெய் இல்லாமல் ஒரு வாரம் விட்டால் துரு நிச்சயம்.

கடை அடைக்கும்போது தம்பி கேட்டான், ஊரில் தாத்தாவின் கத்தி பரணில் கிடக்கிறதாம், விடுமுறைக்குப் போகும்போது எந்தக் கல் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று. ஆயிரம் எண் கல் ஒன்று மட்டும் முதலில் வாங்கு என்றேன்.